எழுப்புதலும் பட்டாவும்

(நாவலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'திருச்சபையின் உண்மைத்தன்மையும் புதுப்பித்தலும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்புக்கு ஒரு நடைமுறை உண்டு. பேச வருகிறவர் முதலில் சபையின் இன்றைய நிலையை நினைத்துக் கண் கலங்குவார். பிறகு எபேசு சபை ஆதி அன்பை விட்டுவிட்ட கதை வரும். அப்புறம் உபவாச ஜெபத்துக்கு அழைப்பு. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாட்டு. அப்படிப் பேசி மனிதர்களைத் திருப்பியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். எனக்குக் கைவந்தது வேறு. பழைய மிஷன் அறிக்கைகளையும் சபைக் குறிப்பேடுகளையும் புரட்டிப் பழகியவன் நான். ஆகவே நாம் நிற்கிற இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் என்ன நடந்தது என்பதிலிருந்தே பேசுகிறேன்.

நாவலூரில் இன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இடம் தேட வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில், கடைக்கு மேல்மாடியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் என்று எங்கும் கூடுகிறார்கள். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம், இந்தி என எல்லா மொழியும் உண்டு. சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். கிதார், டிரம்ஸ், சுவரில் புரொஜெக்டர். ஓ.எம்.ஆரில் வண்டி நிறுத்தத்தான் இடம் கிடைக்காது. அதே நேரத்தில் படூரிலும் தாழம்பூரிலும் கேளம்பாக்கத்திலும் பழைய ஊர்க்காரர்கள் சின்னச் சின்ன சபைகளில் கூடுகிறார்கள். கேளம்பாக்கத்தில் கடற்கரைப் பக்கம் திரும்பினால் கோவளம். அங்கே 1808இல் ஜான் டி மான்டி என்ற போர்ச்சுகீசிய வணிகர் கட்டிய கார்மேல் மாதா கோயில் நிற்கிறது. அவருடைய கல்லறையும் அங்கேதான். சென்னையில் டி மான்டி காலனி என்றால் எல்லாருக்கும் தெரியும். சொத்தைத் தர்மத்துக்காகச் சபையின் கையில் ஒப்படைத்துப் போன மனிதர் என்பது பலருக்குத் தெரியாது, பேய்ப்படம்தான் தெரியும்.

இந்த மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாற்றில் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று 1941இல் பல்லாவரம் மலையில் நடந்தது. மற்றது 1891, 1892இல் செங்கல்பட்டுக் கலெக்டர் கச்சேரியில் நடந்தது. முதலாவதை எழுப்புதல் வரலாறு என்கிறோம். கன்வென்ஷன் மேடைகளில் சொல்கிறோம். இரண்டாவதை வருவாய்த்துறைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம். என் கட்சி, இரண்டும் ஒரே வரலாறு என்பதுதான். இரண்டாவதை மறந்ததால்தான் முதலாவது அடிக்கடி நம் கையைவிட்டு நழுவுகிறது.

முதலில் பல்லாவரம். பக்தசிங் பஞ்சாபில் 1903இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் பொறியியல் படிக்கப் போனார், கனடாவில் கிறிஸ்துவை ஏற்றார், 1933இல் நாடு திரும்பினார். 1941இல் சில தோழர்களோடு பல்லாவரம் மலையில் ஏறி இரவெல்லாம் ஜெபித்தார். அந்த ஆண்டே சென்னையில் 'யேகோவா ஷம்மா' சபை கூடத் தொடங்கியது. காணிக்கைக்காக மேடையில் கேட்கக்கூடாது, ஊழியருக்கு மாதச் சம்பளம் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆராதனை மணிக்கணக்கில் நடக்கும். எல்லாரும் பாயில்தான் உட்கார வேண்டும். முடிந்ததும் அதே இடத்தில் பந்தி. அன்பின் விருந்து என்பார்கள். வக்கீலும் ரிக்‌ஷாக்காரரும், மேல்சாதிக் குடும்பத்திலிருந்து வந்தவரும் சேரியிலிருந்து வந்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து எடுத்துப் போட்டதைச் சாப்பிட்டார்கள்.

சி.எஸ்.ஐ.காரனாகிய எனக்குப் பக்தசிங்கிடம் ஒரு மனக்குறை உண்டு. பழைய சபைகளிலிருந்து ஆட்களைப் பிரித்துக்கொண்டு போனார் என்ற குறை அது. ஆனால் அந்தப் பந்தியை நினைக்கும்போது குறையைச் சத்தமாகச் சொல்ல வாய் வருவதில்லை. ஆறு ஆண்டு கழித்து, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., ஆனார்கள். உலகமே வியந்த ஐக்கியம் அது. பேராயர்கள் எந்த மரபில் அபிஷேகம் பெற வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் வாதித்தோம். யார் வீட்டில் யார் சாப்பிடுவது என்று எத்தனை கூட்டத்தில் வாதித்தோம்?

பந்தித் தகராறு அதற்கு நூறு ஆண்டுக்கு முந்தையது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ், தம் பயிற்சிப் பள்ளி மாணவர் எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று வைத்தார். அதற்காகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் உண்டு. 1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் பலர் பின்னால் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் இடம் தேடிக்கொண்டார்கள். அங்கே இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

எதிர்த்தவர்களில் ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்பதை மறைக்கக்கூடாது. சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னருக்குத் தோழர், நம் சபைகள் இன்றும் பாடுகிற பாடல்களைத் தந்தவர். புது மிஷனெரிகள் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பாட்டையும் பூவையும் தடுத்தார்கள், சாதி ஆசாரத்தில் கை வைத்தார்கள் என்று எதிர்த்து நின்றார். 1829இல் வேலையையும் இழந்தார். தமிழிசைக்காக அவர் போட்ட சண்டை நியாயமானது. சாதிக்காகப் போட்டது நியாயமில்லை. இரண்டையும் ஒரே பக்தியோடு, ஒரே உறுதியோடு போட்டார். பரம்பரையை விடாமல் காப்பதையே உண்மைத்தன்மை என்று வைத்துக்கொண்டால் இந்த இடத்தில்தான் வந்து முட்டும். நல்லவர்களுக்கும் முட்டும்.

ரேனியஸின் பள்ளியில் படித்தவர்தான் அருளப்பன். மிஷன் சம்பளம் வேண்டாம் என்று விலகி, 1840களில் மதுரை, திருச்சி எல்லைப் பக்கம் நிலம் வாங்கி, கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊரையே அமைத்தார். உழுது பிழைத்துக்கொண்டே ஊழியம். 1860இல் அங்கிருந்தும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தும் எழுந்த எழுப்புதலை வெள்ளைக்காரர் யாரும் தொடங்கி வைக்கவில்லை. ஜனங்கள் கூட்டத்தில் விழுந்து அழுதார்கள், செய்த தப்பை வாய்விட்டுச் சொன்னார்கள், பெண்கள் எழுந்து பேசினார்கள். லண்டனில் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலர் ஹென்றி வென், சுதேசிச் சபை தன் காலில் நிற்கிறது என்று மகிழ்ந்தார். இங்கே இருந்த மிஷனெரிகளில் பாதிப்பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அதே அலைதான் திருவிதாங்கூருக்குப் போய் வேறு மாதிரி முடிந்தது. வித்துவான் குட்டி என்ற யுஸ்துஸ் யோசேப்பு, பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து போதகர் ஆனவர், ஆறு வருஷத்தில், 1881இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்தார். நாள் வந்தது, போனது. அந்தக் கூட்டத்தை இன்றைக்கும் 'ஆறு வருஷக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். அழுகையும் ஆவேசமும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு. அருளப்பன் ஊரில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது, கணக்கு நேராக இருந்தது. யோசேப்பின் கூட்டத்தில் தேதி மட்டும் இருந்தது.

இனி செங்கல்பட்டு. இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்து மிஷன் செங்கல்பட்டில் முதலில் நடத்தியது பள்ளிக்கூடம். உயர்சாதிப் பிள்ளைகள் வந்து ஆங்கிலம் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போனார்கள். சபை பெருகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகுதான் சேரி மக்கள் குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக ஞானஸ்நானம் கேட்டு வரத் தொடங்கினார்கள். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் இக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கூடி, இவர்கள் இருவரும் சேரிகளுக்குள் போனார்கள். போனபிறகு அவர்கள் கண்டது, பிரசங்கத்தால் தீர்கிற பிரச்சினை இல்லை.

இந்த ஜில்லா மிராசு ஜில்லா. ஊர் நிலம் மிராசுதாருக்கு. சேரிக்காரர் படியாள். சேரியில் குடிசை போட்டிருக்கும் மனையும் மிராசுதாருடையது என்பதே வழக்கு. பண்ணையில் கூலி போதவில்லை என்று வாய் திறந்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும், வேதக்கோயிலுக்குப் போனாலும், "என் மனையைக் காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை போதும். வேறு ஊருக்குப் போனாலும் அங்கேயும் மனை இன்னொரு மிராசுதாருடையது. சரி, ஊரில் தரிசாகக் கிடக்கும் சர்க்கார் நிலத்தையாவது கேட்போம் என்று ஒருவர் தரக்காஸ்து போட்டால், கர்ணம் அதை மிராசுதாருக்குச் சொல்வார். தரிசின் மேல் முதல் உரிமை மிராசுதாருக்கே என்பதால், "எனக்கு வேண்டும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் விண்ணப்பம் தள்ளுபடி. அவர் அதை உழ வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கேட்டவனுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மிஷனெரிகள் இதை அரசுக்கு எழுதினார்கள். சென்னை மிஷனெரி மாநாட்டின் வழியாக மனுக் கொடுத்தார்கள். கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி விரிவாக ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். மனையும் நிலமும் அவர்கள் பெயருக்கு வராமல் எந்த விமோசனமும் இல்லை என்பதே அதன் சாரம். வருவாய் வாரியம் முனகியது. மிராசுதார்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010ஏ என்ற எண்களில் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் பிறப்பு அது. பின்னர் வகுத்த நிபந்தனைகளின்படி, ஒதுக்கிய நிலத்தைப் பத்து ஆண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே விற்கலாம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பஞ்சமி நில மீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

இதை முழுக்க மிஷனெரிகளின் புண்ணியம் என்று எழுதிக்கொள்வது நம்மவர்களின் பழக்கம். அது சரியில்லை. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பெயர் வைத்து நடத்தினார். அயோத்திதாசர் இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் கிறிஸ்தவர் ஆகவில்லை. சபையை நம்பி அவர்கள் காத்திருக்கவும் இல்லை. மிஷனெரிகளுக்குள்ளேயும் ஒரு பிளவு இருந்தது. சாதி என்பது ஆத்துமா சம்பந்தப்பட்டது, மனம் மாறினால் தானாகப் போய்விடும் என்று ஒரு கட்சி. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியான தம் ஆய்வு நூலில் இதைக் கூர்மையாகக் காட்டுகிறார்: அடிமைத்தனத்தை மதச் சமாச்சாரம் என்று ஆக்கிவிட்டதால் நிலத்தையும் கூலியையும் தொடாமலே அதைப் பற்றிப் பேச வழி பிறந்தது.

அந்த நாளில் ஸ்காட்லாந்திலும் இங்கேயும் ஒரு கேள்வி ஓயாமல் கேட்டார்கள். மனைக்காகவும் சோற்றுக்காகவும் வருகிறவனுடைய விசுவாசம் உண்மையா? ஞானஸ்நானத்துக்கு முன் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காக்க வைத்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரிந்தும் ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்த கூலிக்காரருடைய விசுவாசத்தை, ஓய்வூதியம் உறுதியான பிறகு பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் நிற்கிறவருடைய விசுவாசத்தோடு ஒப்பிட்டு அளக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆண்ட்ரூ பேச்சோடு நிற்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நிலம் பெற்று, சேரியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்தினார். மெல்ரோசாபுரம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இன்று அந்தச் சாலையில் போனால் கார்த் தொழிற்சாலை உதிரிபாகக் கிடங்குகளும் லாரிகளும் தெரியும். மண்வெட்டி பிடித்த முதல் குடிகளுக்கு அங்கே ஒரு மனை என்பது என்ன பொருள் தந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க, லாரி கடந்து போகும்வரை ஓரமாக நின்றுதான் ஆக வேண்டும்.

பிறகு நாம் மறந்தோம். மறதி ஒரே நாளில் வரவில்லை. பள்ளிகள் பெரிதாயின, நிர்வாகம் வந்தது, பதவிகள் வந்தன. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. பின்னால் சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர் வெளியே. ஞானஸ்நானத்தால் சான்றிதழ் மாறியது, சேரி மாறவில்லை. ஆண்டுதோறும் கறுப்பு தினம் அனுசரித்து ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் அரசிடம் சம உரிமை கேட்டு ஊர்வலம் போகிற சபைகளிலேயே தனிக் கல்லறை உண்டு, தேர் நுழையாத தெரு உண்டு. இந்த மாவட்டம் அதற்கு விலக்கு என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

1994. மாமல்லபுரத்துக்கு அருகே காரணை. 600 ஏக்கருக்கு மேல் பஞ்சமி நிலம் கை மாறிப்போயிருந்தது. மீட்கக் கேட்டு மக்கள் எழுந்தார்கள். செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் சிலர் கூட நின்றார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் ஏழுமலை. அப்போது பல ஊர்களில் கன்வென்ஷன் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்திருக்கும்; எத்தனை மேடையில் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபித்தார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். தலித் இயக்கங்கள் அந்த நாளை மறக்கவில்லை. அன்று அரசுக்கு மனு எழுதிய மரபில் வந்த நம் சபை நாட்காட்டியில் அது இல்லை.

அதே 1994 ஏப்ரலில் ருவாண்டா. அதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவைக் குலுக்கிய எழுப்புதலின் ஊற்றுகளில் ஒன்று ருவாண்டாவின் கஹினி மிஷன். பாவத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள், திருடிய பொருளைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், வெள்ளையரும் கறுப்பரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார்கள். உலகமெங்கும் புத்தகங்கள் எழுதினார்கள். அறுபது ஆண்டு கழித்து, ஆப்பிரிக்காவிலேயே கிறிஸ்தவர் மிகுந்த நாடுகளில் ஒன்றான அந்த நாட்டில், தேவாலயங்களுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களை அங்கேயே வைத்துக் கொன்றார்கள். நியமட்டா, ந்தராமா தேவாலயங்கள் இன்று நினைவிடங்கள். எழுப்புதல் வழிவந்தவர்களில் அண்டைவீட்டாரைக் காக்க உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் பொய்யையும் குடியையும் திருட்டையும் பாவம் என்று அறிக்கையிட்ட சபை, ஹுட்டு, டுட்சி என்று அடையாள அட்டையில் பிரித்து எழுதியதைப் பாவக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் சாட்சி நேரத்தில் சொல்லப்படும் பாவங்களின் பட்டியலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குடி, சினிமா, சிகரெட். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசினேன் என்று அழுத சாட்சியை நான் கேட்டதில்லை.

இந்த இடத்தில் சிலருக்கு ஓர் எரிச்சல் வரும். ஆவிக்குரிய காரியம் பேசக் கூப்பிட்டால் மனுஷன் பட்டா பேசுகிறாரே என்று. அவர்களுக்கு நெகேமியாவின் புத்தகத்தைக் காட்டுகிறேன். எழுப்புதல் பிரசங்கிகளுக்குப் பிடித்தது எட்டாம் அதிகாரம்: எஸ்றா மரமேடையில் நின்று வேதத்தை வாசிக்கிறார், ஜனம் கேட்டு அழுகிறது. நல்ல அதிகாரம். ஐந்தாம் அதிகாரத்தில் நடந்ததை அவர்கள் தாண்டிவிடுகிறார்கள். அங்கே ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் முறையிடுகிறார்கள். வயலும் திராட்சத்தோட்டமும் அடமானத்தில் போயிற்று, பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள், வாங்கிக்கொண்டவர்கள் நம் சகோதரரே என்பதுதான் முறையீடு. நெகேமியா பிரபுக்களைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். நிலத்தையும் வட்டியையும் திருப்பித் தரச் செய்து, ஆசாரியர் முன்னிலையில் ஆணையிட வைக்கிறார். வேதவாசிப்பும் கண்ணீரும் அதற்குப் பிறகுதான். சகேயு வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னதும், அவன் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகே.

சபையின் சொந்தக் கணக்கும் இதில் சேரும். தென்னிந்தியத் திருச்சபையின் தலைமைத் தேர்தல் வழக்கில், நிர்வாகத்தை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர்நீதிமன்றம் நியமிக்கும் அளவுக்கு நாம் வந்துவிட்டோம். அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை, நாளிதழில் எல்லாரும் படித்ததுதான். டி மான்டியைப் போன்றவர்கள், பெயர் தெரியாத எத்தனையோ விதவைகள், "ஏழைகளுக்கு" என்று எழுதி வைத்த சொத்துகளே சபைகளின் கையில் இருப்பவை. சந்தை விலை ஏறினதும் அந்த ஒரு சொல் பத்திரத்தில் மங்கிவிடுகிறது. ஒரு குருசேகரத்தின் சொத்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று சாதாரண அங்கத்தினர் கேட்டால், இன்றும் அவரைக் கலகக்காரர் என்கிறோம்.

நாவலூருக்கு வருகிறேன். இந்தச் சாலை ஆறு வழியாக விரிந்தபோது இருபுறமும் ஏரிப் பாசன வயல்கள் இருந்தன. இன்று சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய 'ஏ' பதிவேட்டின் நகலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சர்வே எண், விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்புக்கான கட்டம். சில எண்களுக்கு எதிரே அந்தக் கட்டத்தில் டி.சி., அதாவது தாழ்த்தப்பட்ட வகுப்பு, என்று இரண்டெழுத்துச் சின்னதாக இருக்கும். அடுத்த பதிப்பில் அதே எண்ணுக்கு எதிரே கட்டம் காலி. பெயர் மாறியிருக்கும், ஜாதி மாறியிருக்கும், இரண்டெழுத்து போயிருக்கும். கடன், கல்யாணம், வைத்தியம் என்று ஏதோ ஒரு நெருக்கடியில், ஒரு கைநாட்டில் போனது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புகள் சொல்லியிருக்கிறது. செல்லாத விற்பனையின் மேல் எத்தனை மாடி எழுந்திருக்கிறது, அதில் எத்தனை மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கிறது என்பதை யாராவது ஒருநாள் எண்ணத்தான் போகிறார்கள்.

புதிதாக வந்திருக்கும் சபைகளை நான் பழிக்கவில்லை. வாலிபர்களின் ஆர்வம் உண்மையானது. ஊர் விட்டு ஊர் வந்து, ராத்திரி ஷிஃப்ட் முடித்து, தூக்கத்தை விட்டு ஆராதனைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். என் கவலை ஒன்றே. அவர்கள் பாடுகிற மண்டபத்துக்கும் பின்னால் இருக்கிற காலனிக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. அந்தக் காலனிப் பெண்கள் அவர்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். ஞாயிறு காலை இரண்டு இடத்திலும் அதே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் ஏறுகிறது. ஒரு திருவிருந்தில் இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்கார்ந்தது உண்டா? அன்பின் விருந்து வைப்பது என்றால் கேட்டரிங்காரரிடம் சொல்லிவிடலாம். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதைத்தான் அவர் முடிவு செய்ய மாட்டார்.

அறக்கட்டளைக்காரர்கள் நடைமுறையாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். இந்த அறக்கட்டளையின் வட்டியில் அடுத்த சொற்பொழிவுக்கு ஆள் தேடுவதற்கு முன்னால், ஓ.எம்.ஆர். ஓரத்து ஊர்களின் பழைய 'ஏ' பதிவேட்டு நகல்களையும் செட்டில்மென்ட் பதிவேடுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சபையும் தன் சொத்துப் பட்டியலையும் அவற்றின் மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அடுத்த அக்டோபர் 10ஆம் தேதிக்கு ஆராதனையில் அந்த இரண்டு பெயரையும் வாசியுங்கள். ஏழுமலையின் பெயரையும் சேர்த்துத்தான். பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது, அதற்கு முன் தாலுகாதோறும் ஜமாபந்தி நடக்கும். மனுக் கொடுக்கிறவர்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள், பாதிப்பேருக்கு எழுதத் தெரியாது, வெளியே உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் காசு கொடுத்து எழுதி வாங்குவார்கள். மடிக்கணினியும் பிரின்டரும் வைத்துக்கொண்டு எழுதித்தரக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள். அன்றைக்கு ஒருநாள் லீவு போட முடியுமா என்று உங்கள் மேனேஜரிடம் கேட்டு வையுங்கள்.